ஆங்கிலத்தின் ‘இப்பொழுதுதான்’

ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகள் பெரிய சொற்களைக் கண்டு அஞ்சுவார்கள். சிறிய சொற்களைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் அவர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் சிறிய சொற்களிலேதான். நீண்ட சொல்லொன்றின் பொருள் தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டலாம். ‘ஜஸ்ற்’, ‘ஓல்றெடி’, ‘யெற்’, ‘ஸ்ரில்’, ‘லேற்லி’, ‘றீசென்ற்லி’ என்பன போன்ற சொற்களுக்கு எவரும் அகராதியைத் தேடுவதில்லை. தேடினாலும் அது அதிகம் உதவுவதில்லை. இவை வினையடைகள். ஒரு செயல் சற்றுமுன் நிகழ்ந்ததா, முன்னரே முடிந்துவிட்டதா, இனித்தான் நிகழவேண்டுமா, ஓயாமல் நிகழ்ந்துகொண்டே இருக்கின்றதா என்பவற்றை உணர்த்துவன. இச்சொற்களைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச எண்ணுகின்றேன்.

இவற்றை நம் வகுப்பறைகளிற் கற்பிக்கும் முறை யாவரும் அறிந்ததே. கரும்பலகையின் இடப்புறத்தில் ஆங்கிலச் சொல். வலப்புறத்தில் தமிழ்ச் சொல். ‘ஸ்ரில்’ என்றால் இன்னும். ‘யெற்’ என்றாலும் இன்னும். ‘றீசென்ற்லி’ என்றால் அண்மையில். ‘லேற்லி’ என்றாலும் அண்மையில். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். கூர்மையான பிள்ளை ஒன்று இருந்தால், “இரண்டுக்கும் பொருள் ஒன்றானால் இரண்டு சொற்கள் எதற்கு?” என்று கேட்கும். கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதனாலேதான், பத்து ஆண்டுகள் ஆங்கிலம் படித்த ஓர் இளைஞன் நேர்முகப் பரீட்சையிலே தடுமாறி நிற்கின்றான்.

விடையைத் தேட ஒரு புகையிரத நிலையத்துக்குப் போவோம். வவுனியா நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையிலே பெட்டியும் தோளிலே பையுமாக மூச்சிரைக்க ஓடிவருகின்றார். நிலைய அதிபரிடம், “யாழ்ப்பாண றெயின் எங்கே?” என்று கேட்கின்றார். (நிலைய அதிபரும் அதிபர், பாடசாலை அதிபரும் அதிபர், வருபவர்களின் பதற்றத்துக்கு மறுமொழி சொல்வது இருவருக்கும் பொதுவான தொழில்.) வண்டி போய்விட்டது. இந்த ஒரு நிகழ்ச்சியை நிலைய அதிபர் ஆங்கிலத்திலே பலவாறு சொல்லலாம். “த றெயின் ஹாஸ் லெவ்ற்” என்றால் வெறுஞ் செய்தி: வண்டி போய்விட்டது. நடுவில் ‘ஜஸ்ற்’ என்பதைச் சேர்த்தால், “இப்பொழுதுதான் ஐயா போனது, ஒரு நிமிடம் முந்தி வந்திருக்கக் கூடாதா?” என்னும் இரக்கம் அதிலே கலந்துவிடுகின்றது. ‘ஜஸ்ற்’ இருந்த இடத்தில் ‘ஓல்றெடி’யை வைத்தால் தொனி மாறுகின்றது. “நீங்கள் வண்டி நிற்கும் என்று நினைத்து வந்தீர்கள், அது அதற்குள் போய்விட்டது” என்பது கருத்து. வண்டி புறப்பட்ட நேரம் ஒன்றே. மணிக்கூடு மாறவில்லை. மாறியது, கேட்பவர் எதை எதிர்பார்த்தார் என்பது பற்றிச் சொல்பவர் கொண்ட எண்ணம்.

வண்டி போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இதே கதைதான். ‘யெற்’ சேர்த்து, “இன்னும் போகவில்லை” என்றால், பயப்படாதீர்கள், போகவேண்டிய வண்டி போகத்தான் போகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்பது பொருள். ‘ஸ்ரில்’ சேர்த்து, “இன்னும் இங்கேயே நிற்கின்றது” என்றால், இந்நேரம் போயிருக்கவேண்டிய வண்டி அசையாமற் கிடக்கின்றது என்பது பொருள். ‘ஸ்ரில்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் அசைவின்மையைக் குறித்தது. அசையாத நீரையும் அசையாத காற்றையும் இன்றுங்கூட ஆங்கிலத்தில் அச்சொல்லாலேயே அடைகொடுத்துக் கூறுவர். அசையாமை என்னும் அந்த வேர்ப்பொருள் வினையடையிலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ‘ஓல்றெடி’யும் அவ்வாறே, ‘முற்றும் ஆயத்தம்’ என்னும் பொருள்தரும் இரண்டு சொற்கள் ஒட்டி ஒன்றானது. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஆகவே இச்சொற்கள் காலத்தை மாத்திரம் சொல்வன அல்ல. எதிர்பார்ப்பையும் சேர்த்துச் சொல்வன. இதற்கு நம் நாட்டு வாழ்விலிருந்தே ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990ஆம் ஆண்டிலே நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் நிலையங்களும் சிதைந்தன. வவுனியாவே நெடுங்காலம் வடபாதையின் முடிவிடமாயிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துள் நுழைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிலும் உண்மை ஒன்றே: யாழ்ப்பாணத்துக்கு வண்டி இல்லை. அந்த ஓர் உண்மையை ஆங்கிலத்திற் சொல்லப் புகுந்தவர் இரண்டு வினையடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். ‘நோ லோங்கர்’ என்றால், முன்னர் ஓடியது, இப்பொழுது இல்லை, அவ்வளவுதான். ‘நொற் யெற்’ என்றால், இன்னும் இல்லை, ஆனால் வரும். இழந்தவனின் சொல் முன்னது; காத்திருப்பவனின் சொல் பின்னது. ஒருவர் எந்தச் சொல்லை ஆள்கின்றார் என்பதைக் கொண்டே அவர் மனத்தில் நம்பிக்கை மிச்சமிருக்கின்றதா என்று அறிந்துகொள்ளலாம்.

இனி, நம் மொழியிலே இவ்வேறுபாடுகள் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கின்றன. ஆனால் ஆங்கிலம் வைக்கும் இடத்திலே தமிழ் அவற்றை வைப்பதில்லை. ஆங்கிலம் தனிச்சொல்லிலே வைப்பதைத் தமிழ் இடைச்சொல்லிலும் துணைவினையிலும் வைத்திருக்கின்றது. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் ‘வந்திருக்கின்றான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம்மவருள் எழுதப்படிக்கத் தெரியாதவரும் பிழையின்றி உணர்வார். ‘ஓல்றெடி’ என்பதற்கு ‘ஏற்கெனவே’ என்று எழுதிக்கொடுக்கின்றோமே, அது பாதிதான் சரி. பாடப்புத்தகத்தை விரித்த ஐந்தாவது நிமிடத்தில் மூடிவைக்கும் பிள்ளையைப் பார்த்துத் தாய், “அதற்குள் முடித்துவிட்டாயா?” என்று கேட்கின்றாள். அந்த ‘அதற்குள்’ என்பதே வியப்போடு வரும் ‘ஓல்றெடி’. “ஏற்கெனவே முடித்துவிட்டாயா?” என்று எந்தத் தாயும் அவ்விடத்திற் கேட்கமாட்டாள். வியப்பில்லாத வெறுங் கேள்வியானால் ஆங்கிலத்தில் ‘யெற்’ வரும்; தமிழிலே “முடித்துவிட்டாயா?” என்ற வினையே போதும், அடை வேண்டியதில்லை.

‘ஜஸ்ற்’ என்பதிலே இரு மொழிகளும் ஒரே வழியிற் சென்றிருப்பது வியப்பைத் தருகின்றது. அச்சொல் நீதி, நேர்மை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நேர்மையிலிருந்து ‘சரிநுட்பமாக’ என்ற பொருள் பிறந்தது. சரியாக இந்த வேளையில் என்பதிலிருந்து ‘சற்றுமுன்’ என்ற பொருள் பிறந்தது. நாமும் ‘இவன்தான்’ என்று ஆளைச் சரியாகச் சுட்டும் அதே ‘தான்’ என்னும் இடைச்சொல்லை ‘இப்பொழுது’ என்பதோடு ஒட்டி, ‘இப்பொழுதுதான் வந்தான்’ என்கின்றோம். ஆனாற் ‘தான்’ எங்கே நிற்கின்றதோ அங்கே பொருள் திரும்புவதுபோல ‘ஜஸ்ற்’ நிற்கும் இடமும் முக்கியம். துணைவினைக்கும் தலைவினைக்கும் இடையிலே அது நிற்கவேண்டும். ‘யெற்’ பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியிலே நிற்கும்.

‘இன்னும்’ என்ற சொல்லுக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு அதிக இடர் தருவது அதுவே. “இன்னுஞ் சோறு போடவா?” என்பதில் அது மிகுதியைக் குறிக்கின்றது. “அவன் இன்னும் நித்திரை” என்பதில் அது ‘ஸ்ரில்’. “அவன் இன்னும் வரவில்லை” என்பதில் அது ‘யெற்’. ஆனால் எதிர்மறை வாக்கியத்திலே ‘ஸ்ரில்’ வராதா? வரும். வந்தால் விபரீதம்.

என்னிடம் முன்னர் படித்த ஓர் இளைஞன், தன் சான்றிதழின் பிரதி வேண்டி ஓர் அலுவலகத்துக்கு எழுதியிருந்தான். இரண்டு மாதமாகியும் மறுமொழி இல்லை. நினைவூட்டி ஒரு மடல் ஆங்கிலத்தில் எழுதி, தபாலிற் சேர்க்குமுன் என்னிடம் காட்டினான். பணிவான பிள்ளை. மடலின் தொடக்கமும் முடிவும் பணிவின் உருவமாகவே இருந்தன. நடுவிலே ஒரு வாக்கியம்: “யூ ஹாவ் ஸ்ரில் நொற் றிப்ளைட் ரு மை லெற்றர்.” தன் மனத்தில் இருந்த “தாங்கள் இன்னும் மறுமொழி தரவில்லை” என்பதை அவன் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கின்றான். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ‘ஸ்ரில்’, “இவ்வளவு காலமாகியும் அசையாமல் இருக்கின்றீரே” என்று மேசைக்கு அப்பாலிருப்பவரைக் கண்டிக்கின்றது. ‘யூ’ என்னும் எழுவாய் அக்கண்டனத்தைக் கொண்டுபோய் அவர் தலையிலே வைக்கின்றது. அலுவலர் அதை வாசித்தால், எழுதியவன் தமிழிலே எவ்வளவு பணிவாக நினைத்தான் என்பதை அறிய அவருக்கு வழியில்லை. “எனக்கு இன்னும் மறுமொழி கிடைக்கவில்லை” என்று தன்னையே எழுவாயாக்கி, ‘யெற்’ சேர்த்து, “ஐ ஹாவ் நொற் யெற் றிஸீவ்ட் எ றிப்ளை” என்று மாற்றி எழுதச் சொன்னேன். மறுமொழி வரும் என்ற நம்பிக்கை அதிலே இருக்கின்றது, குற்றச்சாட்டு இல்லை. ஒரு சிறு சொல்லால் ஒருவனுடைய குணமே பிறிதாகத் தோன்றிவிடும் என்பதை அவன் அன்றுதான் உணர்ந்ததாகச் சொன்னான்.

தமிழிலும் அந்தப் பொறுமையின்மைக்கு வடிவம் இருக்கின்றது. “இன்னும் வரவில்லை” என்பது வேறு. “இன்னும் வருகின்றானில்லையே” என்று வாசலைப் பார்த்துக்கொண்டு சொல்வது வேறு. பின்னதே எதிர்மறையோடு வரும் ‘ஸ்ரில்’. இதை வகுப்பிலே நடித்துக் காட்டினால் பத்து நிமிடத்திலே விளங்கிவிடும்.

வினைவடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ‘ஜஸ்ற்’, ‘ஓல்றெடி’, ‘யெற்’ ஆகியவை பிரித்தானிய வழக்கில், ஆங்கில இலக்கணகாரர் ‘பிரெசென்ற் பேர்பெக்ற்’ என்று சொல்லும் வடிவத்தை விரும்பி நிற்பன. முடிந்த செயலின் பயன் இந்தக் கணத்திலும் நிலைத்திருப்பதைக் காட்டுவது அவ்வடிவம். நம்முடைய ‘வந்திருக்கின்றான்’ அதற்கு நெருங்கிய உறவு. ஆனால் ஒரே குணமுடையது அன்று. நாம், “அவர் நேற்று வந்திருக்கின்றார்” என்று தயங்காமற் சொல்வோம். ஆங்கிலம் அதை ஏற்காது. ‘நேற்று’ என்று நாளைக் குறித்துவிட்டால் அவ்வடிவம் விலகிக்கொள்ள, வெறும் இறந்தகாலமே வரவேண்டும். நம் மாணவர் எழுதும் விண்ணப்பங்களில், இன்ன ஆண்டிலே பரீட்சையிற் சித்தியடைந்தேன் என்று ஆண்டையும் குறித்து, அந்த நிறைவு வடிவத்தையும் சேர்த்து எழுதுவது ஏன் என்பதற்கு இதுவே காரணம். அது அறியாமையன்று, தமிழிலே சரியானதை ஆங்கிலத்திலும் சரி என்று நம்பியதன் விளைவு.

அமெரிக்கர் இவ்விடயத்தில் நெகிழ்ச்சியுடையவர்கள். “இப்பொழுதுதான் சாப்பிட்டேன்” என்பதை அவர்கள் ‘ஜஸ்ற்’ என்பதோடு வெறும் இறந்தகாலம் சேர்த்தே சொல்வார்கள். திரைப்படம் பார்க்கும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வந்து ஆசிரியரோடு வாதாடுகின்றார்கள். வாதாடட்டும். இரண்டும் ஆங்கிலந்தான், ஆனால் நம் பாடநூல்கள் பெரும்பாலும் பிரித்தானிய மரபைத் தழுவியன என்பதைப் பரீட்சை மண்டபத்துக்குப் போகும்போது நினைவில் வைத்துக்கொண்டாற் போதும். இதைவிடச் சுவையான வழக்குகளும் உண்டு. அயர்லாந்து மக்கள் தங்கள் பழைய மொழியின் போக்கிலே, “உண்டதன் பின்னே இருக்கின்றேன்” என்னும் பொருள்பட ஆங்கிலத்தை வளைத்து, ‘இப்பொழுதுதான் உண்டேன்’ என்பதைத் தெரிவிக்கின்றார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேச்சு ஆங்கிலத்திலே, ‘ஓல்றெடி’யை வாக்கியத்தின் கடைசியில் ஒட்டி, வினை முடிந்தது என்பதைக் காட்டிவிடுவார்கள். சீனமும் மலாயும் முடிவைத் தனிச்சொல்லாற் காட்டும் மொழிகள். அந்த வேலையை ஆங்கில வினையடையின் தலையிலே சுமத்திவிட்டார்கள். தாய்மொழி தன் பழக்கத்தை விடுவதில்லை. எந்த நாட்டிலும் இதுதான் நடப்பு.

‘றீசென்ற்லி’, ‘லேற்லி’ என்னும் இணைக்கு வருகின்றேன். முன்னது, அண்மையில் ஒருமுறை நிகழ்ந்து முடிந்ததற்கும் பொருந்தும். அண்மையில் ஒரு வீடு வாங்கினார், அண்மையில் மணமுடித்தார். பின்னது இக்கால வழக்கிலே பெரும்பாலும் சில காலமாகத் தொடர்வதை அல்லது அடிக்கடி நேர்வதைக் குறிக்கும். அதற்கு ‘அண்மையில்’ என்று எழுதிக்கொடுப்பதை விட்டுவிட்டு, ‘கொஞ்ச நாளாக’ என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த ‘ஆக’ என்ற ஈற்றிலே தொடர்ச்சி இருக்கின்றது. “கொஞ்ச நாளாக நித்திரை சரியில்லை” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வாக்கியத்தின் நேர் ஆங்கிலம் ‘லேற்லி’யைக் கொண்டே அமையும். வெளிநாட்டிலே பிள்ளைகளோடு போய் இருக்கும் முதியவர்களுக்கு இவ்வேறுபாடு விளையாட்டன்று. வைத்தியர், “லேற்லி நன்றாக உறங்குகின்றீர்களா?” என்று கேட்கின்றார். அவர் கேட்பது சென்ற சில வாரங்களை. முதியவரோ நேற்றிரவை நினைத்து, “ஓம், நன்றாக உறங்கினேன்” என்கின்றார். ஒரு மாதமாகக் கண்மூடாதவரின் நோய் அந்த விடையோடு மறைந்துபோகின்றது. பக்கத்திலிருந்து மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளைகள், “அப்பாச்சி, கொஞ்ச நாளாக எப்படி?” என்று கேட்கவேண்டும்.

‘றீசென்ற்லி’ என்பதிலும் ஓர் அபாயம் இருக்கின்றது. அச்சொல் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். இலத்தீனிலே ‘புதியது, வாடாதது’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் அதன் புதுமைக்கு எல்லையில்லை. சார்ள்ஸ் லயல் என்னும் நிலவியல் அறிஞர் 1833ஆம் ஆண்டிலே, நாம் வாழும் நிலவியற் காலப்பகுதிக்கு ‘றீசென்ற்’ என்றே பெயரிட்டார். இப்பொழுது அதனை ஹோலொசீன் என்பர். அது தொடங்கி ஏறக்குறைய 11,700 ஆண்டுகள் ஆகின்றன! நிலவியலாருக்கு அதுவும் அண்மைதான். சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாக இருக்கும் நோயாளிக்கோ அண்மை என்பது மணிக்கணக்கு. மயக்கமருந்து கொடுக்குமுன், திட உணவு உண்டு ஆறு மணிநேரமும் தெளிந்த நீர் பருகி இரண்டு மணிநேரமும் கழிந்திருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. “அண்மையில் எதையாவது சாப்பிட்டீர்களா?” என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வதிற் பயனில்லை. காலை ஆறு மணிக்கு இரண்டு இடியப்பம், எட்டு மணிக்கு அரைக் கோப்பை தேநீர் என்று சொல்லவேண்டும். இவ்விடத்திலே வினையடையை முற்றாகக் கைவிட்டு மணிக்கணக்கைச் சொல்வதே நல்ல ஆங்கிலம்; நல்ல தமிழும் அதுவே.

சென்றதைச் சொல்லும் சொற்கள் வருவதற்கும் தாவிவிடுவதுண்டு. ‘இப்பொழுதுதான்’ என்று பொருள்பட்ட ‘ஜஸ்ற்’, “ஜஸ்ற் கமிங்” என்னும்போது, ‘இதோ வருகின்றேன்’ ஆகிவிடுகின்றது. ‘ஜஸ்ற் நௌ’ என்பது இங்கிலாந்திலே ‘சற்றுமுன்’ என்றும் பொருள்படும். தென்னாபிரிக்காவில் அதுவே ‘சற்று நேரத்திற்குப் பின்’. ‘பிரசென்ற்லி’ என்றாற் பழைய ஆங்கிலேயனுக்கு ‘உடனே’. பின்வந்தவனுக்கு ‘சிறிது நேரத்தில்’. ‘சூன்’ என்பதும் ஒரு காலத்தில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. உடனே வருவதாகச் சொல்லிவிட்டுத் தாமதித்த பல தலைமுறை மனிதர்கள் சேர்ந்து அச்சொற்களின் பொருளையே தாமதப்படுத்திவிட்டார்கள்.

இதிலே நாம் ஆங்கிலேயனைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. நம்முடைய இலக்கணத்தில் இதற்கு விதியே இருக்கின்றது. விரைவு பற்றிக் காலம் மயங்கி வரலாம் என்று நன்னூலிலே பவணந்தி முனிவர் இடங்கொடுத்திருக்கின்றார். வெளியே நண்பன் காத்துநின்று அழைக்க, உள்ளே உண்டுகொண்டிருப்பவன் “உண்டேன், வந்தேன்” என்று குரல் கொடுப்பதை உரைகாரர் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். உண்ணவும் இல்லை, வரவும் இல்லை, இரண்டும் இறந்தகாலத்தில்! நம் ஊர்களில், தொலைபேசியிலே “இந்தா வந்திட்டன்” என்பவர் வீட்டுப் படலையைக்கூடத் திறந்திருக்க மாட்டார். அதனை ஆங்கிலத்திற் பெயர்க்கப் புகுந்த மாணவன், ‘வந்திட்டன்’ இறந்தகாலம் என்று கண்டு, “ஐ ஹாவ் கம்” என்று எழுதினால், மறுமுனையில் இருப்பவர் கதவைத் திறந்து ஆளைத் தேடுவார்.

ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு சிறு யோசனை. சொற்பட்டியலைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் கொடுங்கள்: பாடசாலை மணி அடித்துவிட்டது. அதை ஓடிவரும் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாய், விளையாட்டில் நேரம் போனது தெரியாத நண்பனுக்கு எப்படிச் சொல்வாய் என்று கேளுங்கள். பின்னர், மணி அடிக்கவில்லை என்று மாற்றி, பசியோடு இருப்பவன் எப்படிச் சொல்வான், வீட்டுப்பாடத்தை அவசரமாக எழுதிக்கொண்டிருப்பவன் எப்படிச் சொல்வான் என்று கேளுங்கள். முதலிலே தமிழிற் சொல்லட்டும். ‘அதற்குள்’, ‘இப்பொழுதுதான்’, ‘அடிக்கிறார்களில்லையே’ என்று அவர்களே வேறுபாட்டைக் காட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஆங்கிலச் சொல்லைக் கொடுங்கள். எந்தச் சொல் எங்கே போய் உட்காரவேண்டும் என்று பின்வாங்கிலிருக்கும் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள்.